பேட்டரியை மாற்றும் முன் மூன்று முறை அளந்து பாருங்கள்

தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் வட்டாரத்தில் மானாவாரி நிலம் அதிகம். புரட்டாசி, ஐப்பசியில் மழை விழுந்து மண் பதமானால், உழவையும் விதைப்பையும் சில நாட்களுக்குள் முடித்தாக வேண்டும். ஈரம் போய்விட்டால் மக்காச்சோளமும் உளுந்தும் சீராக முளைக்காது. ஊரே டிராக்டரைத் தேடும் அந்த நாளில்தான், கோடை முழுவதும் கொட்டகையில் நின்ற வண்டி சாவியைத் திருகினால் 'டக்... டக்...' என்று சத்தம் மட்டும் போட்டுவிட்டு நின்றுவிடும். பூ சாகுபடி செய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் வேறு வடிவில் வரும். விடியற்காலையில் மல்லிகையை ஏற்றிக்கொண்டு சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குக் கிளம்ப வேண்டிய வண்டி 'செல்ஃப்' எடுக்காது. தாமதமாகப் போகும் பூவுக்கு விலை நிற்காது.

இப்படி வண்டி நின்றதும் பெரும்பாலும் முதலில் பழி விழுவது பேட்டரி மீதுதான். அவசரத்தில் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதுசு வாங்கிப் போடுகிறார்கள். இரண்டு மாதத்தில் அதே 'டக் டக்' சத்தம் திரும்பவும் கேட்கிறது. காரணம், கெட்டுப்போனது பேட்டரியாகவே இல்லாமல் இருக்கலாம். துருவேறிய க்ளாம்ப், தளர்ந்த எர்த் ஒயர், சார்ஜ் ஏற்றாத ஆல்டர்னேட்டர் இவற்றில் எது பழுதானாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான். எது பழுது என்று பிரித்துச் சொல்ல, சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டரும் பத்து நிமிடமும் போதும். ஆனால், ஒரே ஒரு முறை அளந்தால் போதாது. வண்டி ஓய்வில் இருக்கும்போது, செல்ஃப் அடிக்கும்போது, இன்ஜின் ஓடும்போது என்று மூன்று முறை அளக்க வேண்டும்.

வோல்ட் என்பது என்ன?

மேல்நிலைத் தொட்டியில் இருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு வேகமாகக் குழாயில் தண்ணீர் பாயும். மின்சாரத்தைத் தள்ளும் இந்த அழுத்தத்தைத்தான் வோல்ட் கணக்கில் அளக்கிறோம். குழாயில் ஓடும் தண்ணீரின் அளவு ஆம்பியர் மாதிரி. தொட்டியின் கொள்ளளவு, பேட்டரி மீது அச்சிட்டிருக்கும் ஆம்பியர்-ஹவர் மாதிரி.

1800-ம் ஆண்டில் முதல் மின்கலத்தை அறிவித்த இத்தாலிய விஞ்ஞானி அலெசாண்ட்ரோ வோல்டாவின் பெயரில் இருந்து வந்ததுதான் 'வோல்ட்' என்ற சொல். டிராக்டரிலும் லாரியிலும் இன்றைக்கும் இருக்கும் ஈய-அமில பேட்டரியை 1859-ல் உருவாக்கியவர் பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் பிளாண்டே. ஈயத் தகடுகள், நடுவே நீர் கலந்த கந்தக அமிலம் என்ற அடிப்படை அன்றிலிருந்து மாறவில்லை.

12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள் இருக்கும். ஒவ்வொன்றையும் 'செல்' என்கிறோம். முழு சார்ஜில் ஒரு செல் சுமார் 2.1 வோல்ட் தரும். ஆறும் சேர்ந்தால் 12.6 வோல்ட். ஆகவே '12 வோல்ட் பேட்டரி' என்பது ஒரு பெயர்தான். மீட்டரில் 12 காட்டினால் நல்லது என்று அர்த்தம் இல்லை. பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

மீட்டரை எப்படி அமைப்பது?

எண்களாகக் காட்டும் டிஜிட்டல் மல்டிமீட்டரே இந்த வேலைக்கு ஏற்றது. நிறைந்த பேட்டரிக்கும் தீர்ந்த பேட்டரிக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு வோல்ட்டைக்கூடத் தொடாது. முள் ஆடும் பழைய வகை வோல்ட்மீட்டரில் அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பிரிப்பது கடினம். புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் காட்டும் மீட்டராகப் பார்த்து வாங்குங்கள்.

கறுப்பு ஒயரை 'காம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் துளையில் செருக வேண்டும். சிவப்பு ஒயரை 'வி' என்ற எழுத்துள்ள துளையில் செருக வேண்டும். நடுவில் உள்ள திருகியை டி.சி வோல்ட் பகுதிக்குத் திருப்ப வேண்டும். அந்தப் பகுதியில் 'வி' எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு நேர்கோடும் அதன் கீழே விட்டுவிட்ட கோடும் இருக்கும். அலை போன்ற வளைந்த கோடு இருந்தால் அது வீட்டு மின்சாரமான ஏ.சி-க்கு உரியது. டி.சி பகுதியில் 20 என்ற இடத்தில் திருகியை நிறுத்துங்கள்.

சிவப்பு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினலிலும், கறுப்பு முனையை நெகட்டிவ் டெர்மினலிலும் வைத்தால் அளவு தெரியும். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் முனைகளை மாற்றி வைத்திருக்கிறோம் என்று பொருள். மீட்டருக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால், ஒரு தவறு மட்டும் நடக்கக் கூடாது. மீட்டரில் '10 ஆம்பியர்' என்று எழுதிய மூன்றாவது துளை இருக்கும். சிவப்பு ஒயர் அதில் இருக்கும்போது முனைகளை பேட்டரி மீது வைத்தால், பாசிட்டிவையும் நெகட்டிவையும் நேரடியாக ஒயரால் இணைத்ததற்குச் சமம். ஒயர் உருகலாம், மீட்டர் வெடிக்கலாம், கை வெந்துபோகலாம். ஒவ்வொரு முறையும் துளையைப் பார்த்த பிறகே முனையை வைக்க வேண்டும்.

முதல் அளவு: ஓய்வில்

இன்ஜின் ஓடி நின்றதும், அல்லது சார்ஜரைக் கழற்றியதும் அளந்தால் பேட்டரி இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். தகடுகளின் மேல்பரப்பில் தங்கியிருக்கும் சார்ஜ்தான் அதற்குக் காரணம். ஆகவே வண்டியை நிறுத்தி ஐந்தாறு மணி நேரம் கழித்து அளப்பது நல்லது. இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் அளந்தால் இன்னும் சரியாக இருக்கும். அவசரமென்றால், ஹெட்லைட்டை இரண்டு மூன்று நிமிடம் எரியவிட்டு அணைத்து, சிறிது நேரம் பொறுத்து அளக்கலாம். லைட், ரேடியோ எல்லாம் அணைந்திருக்க வேண்டும்.

தண்ணீர் ஊற்றும் சாதாரண ஈய-அமில பேட்டரிக்கான அளவுகள் இவை:

12.6 அல்லது அதற்கு மேல் – முழு சார்ஜ்
12.4 – முக்கால் பங்கு
12.2 – பாதி
12.0 – கால் பங்கு
11.8 அல்லது அதற்குக் கீழ் – தீர்ந்த நிலை

பேட்டரியின் வகை, வெப்பத்தைப் பொறுத்து புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் முன்பின் ஆகலாம். தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய வகை பேட்டரிகள் முழு சார்ஜில் 12.8-க்கு மேலும் காட்டும்.

'மீட்டரில் 12 காட்டுகிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது' என்று சொல்வது எவ்வளவு தவறு என்பது இந்தப் பட்டியலில் தெரியும். 12.0 என்றால் முக்கால்வாசி காலி. அப்படியே ஒரு மாதம் நிறுத்தி வைத்தால், தகடுகளில் படியும் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். அதன் பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் ஏற்றினாலும் பழைய சக்தி திரும்பாது. கடையில் 'சல்பேட் ஆகிவிட்டது' என்று சொல்வது இதைத்தான்.

இன்னொரு எண்ணையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகச் சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 வோல்ட்டை ஒட்டியே நின்றால், ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். ஒரு செல்லின் 2.1 வோல்ட் அப்படியே குறைகிறது.

இரண்டாம் அளவு: செல்ஃப் அடிக்கும்போது

ஓய்வில் 12.6 காட்டும் பேட்டரிகூட பளு வந்ததும் படுத்துவிடலாம். நிற்கும்போது திடகாத்திரமாகத் தெரியும் மாடு, ஏரில் பூட்டியதும் இரண்டு சால் போகாமல் நின்றுவிடுவதைப் போல. அதனால் பேட்டரி வேலை செய்யும்போதே அதை அளக்க வேண்டும்.

இதற்கு இருவர் தேவை. கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், பிரேக் போட்டிருக்க வேண்டும். டீசல் டிராக்டரில் ஸ்டாப்பரை இழுத்துப் பிடித்தால் இன்ஜின் பிடிக்காமல் செல்ஃப் மட்டும் சுற்றும். ஒருவர் மீட்டர் முனைகளை டெர்மினல்களில் வைத்துக்கொள்ள, மற்றவர் சில விநாடிகள் மட்டும் செல்ஃப் அடிக்க வேண்டும். தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் அடிக்கக் கூடாது. அடுத்த முறைக்கு முன் ஒரு நிமிடமாவது இடைவெளி விட வேண்டும். முனையும் ஒயரும் ஃபேன், பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொங்கும் துண்டையும் சேலைத் தலைப்பையும் செருகிக்கொள்ள வேண்டும்.

செல்ஃப் சுற்றும்போது 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரி தாங்குகிறது. 9.6-க்குக் கீழே இறங்கினால் இரண்டில் ஒன்று: பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரி தளர்ந்துவிட்டது. எது என்பதை முதல் அளவு சொல்லிவிடும். ஓய்வில் 12.1 இருந்தது, இப்போது 9-க்குப் போனது என்றால், முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். ஓய்வில் 12.6 இருந்தும் 9-க்குச் சரிந்தால் பேட்டரியின் ஆயுள் முடியும் கட்டத்தில் இருக்கிறது.

செல்ஃப் மெதுவாகத் திணறுகிறது, ஆனால் மீட்டரில் 11 வோல்ட் இருக்கிறது என்றால்? பேட்டரியில் சக்தி இருக்கிறது, அது செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. இங்கேதான் பல நல்ல பேட்டரிகள் அநியாயமாகத் தூக்கி எறியப்படுகின்றன. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் கட்டை மீதும், மற்ற முனையை அதைப் பிடித்திருக்கும் க்ளாம்ப் மீதும் வைத்து செல்ஃப் அடித்துப் பாருங்கள். ஒன்றோடு ஒன்று இறுகத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகங்களுக்கு நடுவே அநேகமாக ஒன்றும் காட்டக் கூடாது. 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவே துருவோ தளர்வோ இருக்கிறது. இதே போல நெகட்டிவ் கட்டைக்கும் இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்புக்கும் இடையே அளந்தால் எர்த் ஒயரின் நிலை தெரியும். அங்கே அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் இணைப்பைக் கழற்றிச் சுரண்டி இறுக்க வேண்டும். இந்தப் பழுதுக்கு ஆகும் செலவு உப்புத்தாளும் ஸ்பேனரும்தான்.

மூன்றாம் அளவு: இன்ஜின் ஓடும்போது

பேட்டரி கொடுத்த சக்தியைத் திரும்ப நிரப்புவது ஆல்டர்னேட்டர். கிராமத்தில் பலர் இதை 'டைனமோ' என்றே சொல்கிறார்கள். இன்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டு டெர்மினல்களில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். பிறகு ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். சற்றுக் குறையலாம், ஆனால் 13-க்குக் கீழே போகக் கூடாது.

இன்ஜின் ஓடும்போதும் ஓய்வில் காட்டிய 12.4-ஐயே காட்டினால் சார்ஜ் ஏறவே இல்லை. பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஒயர் விட்டிருக்கலாம், ஆல்டர்னேட்டரில் கார்பன் தேய்ந்திருக்கலாம். இந்த வண்டியில் எத்தனை புது பேட்டரி போட்டாலும் அத்தனையும் காலியாகும். எதிர்ப்பக்கமும் ஆபத்து உண்டு. 15 வோல்ட் காட்டினால் ரெகுலேட்டர் பழுது. அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறி பேட்டரி கொதிக்கும், தண்ணீர் வேகமாக வற்றும், தகடு உதிரும். 'வாரா வாரம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது' என்று சொல்லும் வண்டிகளில் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

ஓடும் இன்ஜினில் பேட்டரி க்ளாம்பைக் கழற்றி, 'இன்ஜின் நிற்கவில்லை, டைனமோ நல்லா இருக்கு' என்று சொல்லும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. பேட்டரி இல்லாத நேரத்தில் ஆல்டர்னேட்டரின் அழுத்தம் திடீரென எகிறி, அதற்குள் இருக்கும் டயோடுகளும் மற்ற மின்னணுப் பாகங்களும் எரிந்துபோகலாம். மீட்டர் இருக்கும்போது இந்தச் சோதனைக்குத் தேவையே இல்லை.

மூன்றையும் சேர்த்துப் படியுங்கள்

ஓய்வில் குறைவு, ஓட்டத்தில் 14.2: சார்ஜ் ஏற்பாடு சரி. வண்டி நாள்கணக்கில் ஓடாமல் நின்றிருக்கும், அல்லது எங்கேயோ ஒரு லைட்டோ ஹாரனோ மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

ஓய்வில் குறைவு, ஓட்டத்திலும் குறைவு: ஆல்டர்னேட்டர் பக்கம் பழுது. பேட்டரியை மாற்றக் கூடாது.

ஓய்வில் 12.6, செல்ஃப் அடிக்கும்போது 9-க்குச் சரிவு, ஓட்டத்தில் 14.2: பேட்டரி முடிந்தது. மாற்றத்தான் வேண்டும்.

ஓய்வில் 12.6, செல்ஃப் அடிக்கும்போது 11, ஆனாலும் செல்ஃப் திணறல்: க்ளாம்ப், எர்த், ஒயர், செல்ஃப் மோட்டார் என்ற வரிசையில் பார்க்க வேண்டும்.

இந்த நான்கில் ஒன்றில் மட்டும்தான் பேட்டரிக்குச் செலவு. அளக்காமல் முடிவெடுப்பவர் நான்கிலும் செலவழிக்கிறார்.

செல் வாரியாகப் பார்க்க ஹைட்ரோமீட்டர்

வோல்ட்மீட்டர் ஆறு செல்களின் கூட்டுத்தொகையைத்தான் சொல்லும். எந்த செல் பழுது என்று சொல்லாது. மேலே மூடி திறக்கும் பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டர் உதவும். ரப்பர் பல்பை அழுத்தி அமிலத்தை உறிஞ்சினால் உள்ளே மிதவை நிற்கும் இடம் அடர்த்தியைக் காட்டும். முழு சார்ஜில் 1.265 அளவில் இருக்கும். பாதியில் 1.190. தீர்ந்தால் 1.120-க்கு வந்துவிடும். ஐந்து செல்லில் 1.250 இருந்து ஒன்றில் மட்டும் 1.150 இருந்தால் அந்த செல்தான் மற்ற ஐந்தையும் இழுத்துப் போடுகிறது. தண்ணீர் ஊற்றிய உடனே இதை அளக்கக் கூடாது. ஊற்றிய தண்ணீர் மேலேயே நிற்பதால் அளவு தவறாக வரும்.

ஸ்ப்ரேயரும் சோலார் வேலியும்

இன்றைக்குப் பேட்டரி இல்லாத விவசாயி வீடு குறைவு. முதுகில் மாட்டும் பேட்டரி ஸ்ப்ரேயர் பலவற்றில் இருப்பது 12 வோல்ட் மூடிய ஈய-அமில பேட்டரிதான். மருந்து அடித்து முடித்ததும் அப்படியே பரணில் போட்டு, அடுத்த பட்டத்துக்கு எடுக்கும்போது அது செத்திருக்கும். வேலை முடிந்த அன்றே சார்ஜ் ஏற்றி வைப்பதும், இடைக்காலத்தில் மாதம் ஒருமுறை அளந்து 12.5-க்குக் கீழே இருந்தால் ஏற்றுவதும் போதும். புதிய ஸ்ப்ரேயர்கள் சிலவற்றில் லித்தியம் பேட்டரி வருகிறது. மேலே சொன்ன பட்டியல் அதற்குப் பொருந்தாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, நிறைந்திருக்கும்போதும் கால் பங்கு மிஞ்சியிருக்கும்போதும் ஏறக்குறைய 13 வோல்ட்டை ஒட்டியே காட்டும். அதற்குரிய சார்ஜரைத் தவிர வேறு சார்ஜரை மாட்டக் கூடாது.

மக்காச்சோளத்துக்குக் காட்டுப்பன்றி வராமல் காக்க சோலார் வேலி போட்டிருப்பவர்கள் இரண்டு நேரம் அளக்க வேண்டும். சூரியன் இறங்கிச் சற்று நேரம் கழித்து ஒன்று, விடியும் முன் ஒன்று. மாலையில் 12.6-க்கு மேல் இல்லை என்றால் பேனலில் தூசி, நிழல், ஒயர் இணைப்பைப் பாருங்கள். மாலையில் சரியாக இருந்து காலையில் 12-க்கு வந்துவிட்டால் பேட்டரி இரவைத் தாங்கவில்லை. நள்ளிரவுக்குப் பிறகுதான் பன்றி வருகிறது என்பவர்கள், வேலியில் அந்த நேரத்தில் மின்சாரம் இருக்கிறதா என்பதை இப்படித்தான் தெரிந்துகொள்ள முடியும். இரண்டு நேரமும் அளவு சரியாக இருந்தும் பன்றி நுழைந்தால், கம்பியில் புல்லும் கொடியும் உரசி அதிர்வு மண்ணுக்குள் போகிறதா என்று வேலி நெடுகப் பார்க்க வேண்டும்.

வேலிக்கம்பியில் சாதாரண மல்டிமீட்டரை வைக்கவே கூடாது. எனர்ஜைசர் பெட்டி 12 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட் உள்ள, கண்ணிமைக்கும் நேரம்கூட நீடிக்காத துடிப்புகளாக மாற்றி அனுப்புகிறது. அதற்கென்று தனி வேலி டெஸ்டர் உண்டு. எனர்ஜைசரை அணைத்துவிட்டு பேட்டரியை மட்டும் அளக்க வேண்டும். விட்டுவிட்டு வரும் அந்தத் துடிப்பு விலங்கைப் பயமுறுத்தி விரட்டும், கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுப்பது கொலைக்குச் சமம். யானை, பன்றி மட்டுமல்ல, இரவில் தண்ணீர் பாய்ச்சப் போனவர்களும் அப்படிப்பட்ட வேலியில் இறந்திருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள், சோலார் வேலி போடும் முன்னும் வனத்துறையிடம் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பொறி பார்க்கும் பழக்கம் வேண்டாம்

பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே ஒரு ஒயரையோ ஸ்பேனரையோ உரசி, பொறி எவ்வளவு வருகிறது என்று பார்த்து பேட்டரியின் பலத்தைச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பொறி வந்தால் ஏதோ கொஞ்சம் சார்ஜ் இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். எவ்வளவு என்று தெரியாது. ஆனால், சார்ஜ் ஏறும் பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு கலந்திருந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். வெடித்தால் அமிலம் முகத்தில்தான் தெறிக்கும். பேட்டரி பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சியும் கூடாது. அமிலம் கண்ணில் பட்டால் உடனே சுத்தமான தண்ணீரால் பதினைந்து நிமிடமாவது தொடர்ந்து கழுவி, மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் க்ளாம்பை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். இந்த வரிசையில் செய்தால் ஸ்பேனர் தவறி வண்டியின் இரும்பில் பட்டாலும் பொறி பறக்காது.

வெயிலில் இருந்து காப்பாற்றுங்கள்

குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் பேட்டரியின் பலவீனம் வெளியே தெரியும். நம் ஊரில் பேட்டரியைத் தின்பது வெயில். வெப்பம் கூடக்கூடத் தகடு சீக்கிரம் அரிக்கும், தண்ணீர் வற்றும், சும்மா நின்றாலும் சார்ஜ் இறங்கும். வெப்பம் சுமார் 10 டிகிரி கூடினால் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்துறையில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. டிராக்டரை வேப்பமர நிழலில் நிறுத்துவதுகூட பேட்டரிக்குச் செய்யும் பராமரிப்புதான்.

டிராக்டருக்கு வேலை இல்லாத மாதங்களில் நெகட்டிவ் க்ளாம்பைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை அளந்து, 12.4-க்குக் கீழே வந்தால் சார்ஜ் ஏற்றுங்கள். சார்ஜர் கொடுக்கும் ஆம்பியர், பேட்டரியின் ஆம்பியர்-ஹவரில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். 80 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு 8 ஆம்பியர். அவசரப்பட்டு அதிகமாகக் கொடுத்தால் சூடேறும்.

தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்றுத் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் இருக்கும் உப்பு தகட்டைக் கெடுக்கும். அமிலத்தையும் ஊற்றக் கூடாது. வற்றுவது தண்ணீர்தானே தவிர அமிலம் இல்லை. தகடு மூழ்கியிருக்கும்வரை, சார்ஜ் ஏற்றிய பிறகு குறியிட்ட அளவுவரை நிரப்புவதே சரி. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஆப்ப சோடா கலந்த தண்ணீரால் கழுவித் துடைத்து, க்ளாம்பை இறுக்கி, மேலே வாஸ்லின் தடவிவிடுங்கள். சோடாத் தண்ணீர் செல்லுக்குள் போய்விடாமல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும்.

பழையதை வீட்டில் உடைக்காதீர்கள்

அளந்து பார்த்து, பேட்டரி உண்மையிலேயே முடிந்துவிட்டது என்று தெரிந்தால், பழையதைப் புது பேட்டரி வாங்கும் கடையில் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-ல் வந்தன. பயன்படுத்திய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது அந்த விதிகள் வைக்கின்றன. ஈயத்துக்காக வீட்டு முற்றத்தில் உடைத்து உருக்குவது விஷத்தை வீட்டுக்குள் கொண்டுவருவது போல. ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அமிலத்தைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டினால் மண்ணும் தண்ணீரும் கெடும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

வரவு செலவு எழுதும் நோட்டிலேயே பேட்டரிக்கு ஒரு பக்கம் ஒதுக்கிக்கொள்ளலாம். வாங்கிய தேதி, உத்தரவாத அட்டை எண், மாதம் ஒருமுறை மூன்று அளவுகள். போன மாதம் செல்ஃப் அடிக்கும்போது 10.6, இந்த மாதம் 10.1 என்று இறங்கிக்கொண்டே வந்தால், அடுத்த மழைக்கு முன்பே பேட்டரியை மாற்ற வேண்டும் என்று அந்தப் பக்கமே சொல்லிவிடும். உத்தரவாதக் காலத்துக்குள் பழுதானால், தேதியோடு எழுதிய அளவுகள் கடையில் பேசும்போதும் கைகொடுக்கும்.

ஆவணியில் கலப்பையைக் கூர் தீட்டி, விதையைக் காய வைக்கும் நாளிலேயே பேட்டரியையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். சார்ஜ் ஏற்ற, க்ளாம்ப் இறுக்க, ஆல்டர்னேட்டரைச் சரிபார்க்க அப்போது நேரம் இருக்கும். மழை விழுந்த பிறகு அந்த நேரம் கிடைக்காது.